அஜந்தாவின் நீலம்

அஜந்தா குகைச் சித்திரங்களைப் பற்றி நம் நாட்டில் எழுதாதவர் குறைவு. பத்மபாணியின் கனிந்த பார்வையைப் பற்றியும், மாரனுடைய சேனையின் கோர ரூபங்களைப் பற்றியும், அந்தப்புர மாதரின் அணிகலன்களைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் புகழ்மாலைகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் குறை கூறுவது நம் எண்ணமன்று. ஆனால் அச்சுவர்களின் முன் நின்று, "இந்த நீலம் எது? எங்கே விளைந்தது? எவ்வழியாக இங்கு வந்து சேர்ந்தது?" என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. கேட்ட சிலரும் கவிகளல்லர்; ரசாயன நிபுணர்கள். அவர்கள் கண்டு சொன்னவற்றை நம் மக்கள் அறிந்திருப்பது அவசியமென்று கருதியே இதை எழுதுகிறோம்.

கேள்வி அற்பமாகத் தோன்றலாம். வர்ணக் கடைக்காரன் கேட்கவேண்டியதைச் சரித்திரம் படிப்பவன் கேட்பானேன் என்று சிலர் நகைக்கவுங் கூடும். விஷயத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் நகைப்பு நின்றுவிடும். அஜந்தாச் சுவர்களிலுள்ள சிவப்பும் மஞ்சளும் காவிமண் வகைகள். இரும்புச் சத்தினால் நிறம் பெற்றவை. கறுப்பு, விளக்குப் புகையிலிருந்து எடுத்த மை. வெள்ளை, சுண்ணாம்பும் வெண்களிமண்ணும் அவை போன்றவையும். பச்சை, தக்காணத்து எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் படியும் ஒருவகைப் பச்சை மண். ஆக, அந்த மலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு அகலாமலே சித்திரக்காரன் தன் தட்டை நிரப்பிக்கொள்ளலாம், ஒரு நிறம் நீங்கலாக. அந்த ஒன்றுதான் நீலம். அது அம்மலையில் விளைந்ததன்று, தக்காணத்திலேயே விளைந்ததன்று.

இன்னொரு விசேஷமும் உண்டு. வாகோரா ஆறு குதிரைலாடம் போல் வளைந்தோடும் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ முப்பது குகைகள் குடையப்பட்டிருக்கின்றன. அவை ஒரே காலத்தவை அல்ல. 9-ஆம் 10-ஆம் குகைகளின் மிகப் பழைய சித்திரங்கள் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 1, 2, 16, 17 எண்ணுள்ள குகைகளின் சித்திரங்களோ, வாகாடக மன்னன் ஹரிஷேணனுடைய ஆட்சி நடந்த 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. முற்பட்ட படங்களில் நீலம் இல்லை. பிற்பட்டவற்றில் அது தாராளமாக விளங்குகிறது. நடுவே கழிந்த சுமார் ஐந்நூறு ஆண்டுகளில் ஏதோ ஒரு பாதை திறந்திருக்கிறது. ஏதோ ஒரு சரக்கு அப்பாதையில் வரத் தொடங்கியிருக்கிறது. 10-ஆம் குகையில் பழைய குகையையே பிற்காலத்தார் எடுத்துக்கொண்டு, தூண்களில் புத்தர் உருவங்களைப் புதிதாகத் தீட்டியிருக்கின்றனர். அத்தகைய இடத்தில் கல்வெட்டு உதவாத போதும், நீலம் இருப்பதும் இல்லாததும் சாட்சி கூறும்.

சென்னையிலிருந்து சென்ற நிபுணர்

இந்தச் சுவர்களை ரசாயன முறையில் பரிசோதித்த முன்னோடிகளில் ஒருவர் சென்னைக்காரர் என்பது நம்மவரில் பலருக்குத் தெரியாது. சென்னை எழும்பூர் மியூஸியத்தில் 1930-ல் ரசாயன சாலையொன்று ஏற்படுத்தப்பட்டது. பூமியிலிருந்து தோண்டியெடுத்த வெண்கல விக்கிரகங்களைக் களிம்பினின்று காப்பது அதன் முதல் நோக்கம். அங்கே பணியாற்றிய டாக்டர் எஸ். பரமசிவன் விக்கிரகங்களோடு நிற்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் காலச் சித்திரங்கள், சித்தன்னவாசல், காஞ்சி கைலாசநாதர் கோயில், அப்பால் அஜந்தா என்று சுவர் சுவராகச் சென்று, துளித்துளியாக உதிர்ந்த பூச்சையும் வர்ணத்தையும் பரிசோதித்து 1930-களில் முடிவுகளை வெளியிட்டார்.

அஜந்தாவை ஐரோப்பியர் பலர் 'பிரெஸ்கோ' என்று எழுதிவந்தனர். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே வர்ணத்தைத் தீட்டி, காய்கையில் சுண்ணாம்பே வர்ணத்தைப் பற்றிக்கொள்ளச் செய்யும் இத்தாலிய முறைக்கு அப்பெயர். அஜந்தா அம்முறையில் ஆனதன்று. உமியும் நாரும் கலந்த மண் பூச்சின்மேல் மெல்லிய வெள்ளை பூசி, அது காய்ந்தபின் பசையில் குழைத்த வர்ணங்களைத் தீட்டியிருக்கிறார்கள் என்று பரமசிவன் காட்டினார். தஞ்சைச் சுவர்களில் மாறாக ஈரச் சுண்ணாம்பு முறையே கையாளப்பட்டிருப்பதாகவும் கண்டார். இது பண்டிதர்களின் சொற்போர் என்று எண்ணிவிடலாகாது. ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய படத்தை ஓரளவு தண்ணீர் தொட்டுத் துடைக்கலாம். பசையில் நிற்கும் நீலத்தின்மீது ஈரத் துணி பட்டால், துணியோடு நீலமும் வந்துவிடும்.

கல்லின் கதை

அந்த நீலம் ஒரு கல். வடமொழி நூல்கள் அதை ராஜாவர்த்தம் என்கின்றன. பாரசீகர் லாஜவர்த் என்பர். ஐரோப்பியர் இட்ட பெயர் லாபிஸ் லாஜுலி. பழைய உலகம் பயன்படுத்திய ராஜாவர்த்தத்தில் பெரும்பகுதிக்கு ஊற்றுக்கண் ஒன்றே: ஆப்கானிஸ்தானத்தின் வடகிழக்கு மூலையில், பதக்ஷான் நாட்டில், கோக்சா ஆற்றின் மலைக்கணவாயிலுள்ள ஸார்-இ-ஸங் சுரங்கங்கள். அங்கிருந்து அஜந்தாவுக்கு நேர்க்கோட்டில் அளந்தாலும் ஆயிரம் மைலுக்கு மேலாகும். மலைகளைச் சுற்றி, ஆறுகளைக் கடந்து, பொதிமாட்டின் முதுகில் வந்த வழி எத்தனை மைலோ!

வணிகம் புதிதன்று. சிந்து நதி நாகரிகத்தார் கிறிஸ்துவுக்கு 2000 ஆண்டுகளுக்கு முன்பே ஆக்ஸஸ் நதிக் கரையில் ஷார்துகை என்னுமிடத்தில் ஒரு குடியேற்றத்தை வைத்திருந்தனர் என்பது 1970-களில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் தோண்டியதில் வெளிப்பட்டது. அச்சுரங்கங்களுக்கு அருகில் நம் பழங்குடியார் கடைவிரித்திருந்தனர் என்றே கொள்ளலாம். மெசபொடேமியாவின் ஊர் நகரத்து அரசர் கல்லறைகளிலும் அக்கல் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்நாளில் அது மணியாகவும் பதக்கமாகவுமே பயன்பட்டது. கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுவரில் தீட்டுவது வெகுகாலம் கழித்துத் தோன்றிய வித்தை. இடித்தால் மட்டும் போதாது. நீலத்தோடு சுண்ணக்கல்லும் பிற வெண்கனிகளும், பொன்போல் மின்னும் இரும்புக் கந்தகத் துகள்களும் பின்னிக் கிடக்கும்; அப்படியே அரைத்தால் சாம்பல் பூத்த நிறமே மிஞ்சும். நீலத்தை மட்டும் பிரித்தெடுப்பதற்குப் பொறுமை வேண்டும்.

கல்லுக்கு நீலம் எதனால் வந்தது என்பது விஞ்ஞானிகளை வெகுகாலம் ஏய்த்த புதிர். செம்பு இல்லை, கோபால்ட் இல்லை, நிறங்கொடுக்கும் உலோகம் எதுவுமே காரணமாகக் காணவில்லை. இறுதியில் வெளிப்பட்ட குற்றவாளி கந்தகம். அலுமினியமும் சிலிக்கனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கட்டிய நுண்ணிய கூண்டுகளுக்குள்ளே, மூன்று மூன்று கந்தக அணுக்கள் மின்னேற்றம் பெற்று அடைபட்டுக் கிடக்கின்றன. அம்மும்மை மஞ்சளையும் சிவப்பையும் விழுங்கி நீலத்தை மாத்திரம் வெளியே விடுகிறது. கூண்டு உடையாதவரை நிறம் அழியாது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக வெயிலுக்கும் காற்றுக்கும் அசையாமல் நிற்பதன் ரகசியம் இதுவே. ஆனால் அமிலம் பட்டால் கூண்டு உடையும். நிறம் வெளுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் எழும்; அது சிறைப்பட்டிருந்த கந்தகம் வாயுவாக வெளியேறும் நாற்றம்.

பாதையில் உள்ள சுவர்கள்

சுரங்கத்திலிருந்து நீலம் தெற்கே மட்டும் வரவில்லை. பௌத்த தர்மம் எவ்வழியே நடந்ததோ அவ்வழியெல்லாம் அதுவும் நடந்திருக்கிறது. ஹார்வர்டு சர்வகலாசாலையின் ரசாயன நிபுணர் கெட்டன்ஸ் 1938-ல் பாமியான் குகைச் சித்திரங்களையும், சீன துருக்கிஸ்தானத்தில் கூச்சாவுக்கு அருகிலுள்ள கிஜில் குகைச் சித்திரங்களையும் பரிசோதித்து இரண்டிலும் ராஜாவர்த்த நீலத்தைக் கண்டறிந்தார். கிஜில் சுவர்களில் அந்த நீலம் வாரி இறைத்தாற்போலக் கிடக்கிறது. யுவான் சுவாங் யாத்திரிகர் 7-ஆம் நூற்றாண்டில் கூச்சாவையும் பாமியானையும் கண்டு, காஞ்சி வரை வந்தவர். மகாராஷ்டிரத்தின் மலைக் குகை விஹாரம் ஒன்றையும் அவர் வருணித்திருக்கிறார். அது அஜந்தாவே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. ஒரு மனிதனின் யாத்திரையும் ஒரு கல்லின் யாத்திரையும் இவ்வளவு ஒத்துப்போவது தற்செயலன்று; இரண்டும் நடந்தது ஒரே பாட்டையில்.

அப்பாட்டையின் சுவர்களுக்கு நேர்ந்த கதியை எண்ணினால் நெஞ்சு கொதிக்கிறது. கிஜில் சித்திரங்களை ஜெர்மானியர் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் வாளால் அறுத்தெடுத்துப் பெர்லினுக்குக் கொண்டுபோயினர். அவற்றில் ஒரு பகுதி இரண்டாம் உலக யுத்தத்தின் குண்டுவீச்சில் அழிந்தது. பாமியானில் 55 மீட்டரும் 38 மீட்டரும் உயர்ந்து நின்ற இரு புத்தர் சிலைகளை 2001 மார்ச்சில் தாலிபான் வெடிவைத்துத் தகர்த்தது. எஞ்சிய குகைகளில் ஒட்டிக்கொண்டிருந்த வர்ணச் சில்லுகளை நவீன எக்ஸ்-கதிர்களால் சோதித்தபோது, 7-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே எண்ணெயில் குழைத்த வர்ணம் பூசப்பட்டிருந்தது என 2008-ல் தெரியவந்தது. எண்ணெய் வர்ணம் ஐரோப்பாவின் கண்டுபிடிப்பென்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அந்தப் பாடத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

மேலும் கிழக்கே சென்றால் சீனத்தின் வாயிலான துன்ஹுவாங். அங்கே ஒன்றல்ல, மூன்று நீலங்கள் கலந்து நிற்கின்றன. முதலாவது பதக்ஷான் கல். இரண்டாவது அஜுரைட் என்னும் செம்புக் கனி. செம்புச் சுரங்கங்களின் மேற்புறத்தில் பச்சைக் கனியோடு ஒட்டி விளைவது. மூன்றாவது அவுரி. பட்டுத்துணியிலும் காகிதத்திலும் கல்பொடி எளிதில் நில்லாதாகையால் அவ்விடங்களில் அவுரிக்கு மதிப்பு அதிகம். ஜப்பானில் அவுரி நீலம் ஏற்றிய காகிதத்தில் வெள்ளிமையால் பௌத்த சூத்திரங்களை எழுதிவைத்தனர்; 8-ஆம் நூற்றாண்டுப் பிரதிகள் இன்றும் உள்ளன.

அவுரி என்றவுடன் நம் மனம் வேறிடத்திற்குப் போவதைத் தடுக்க முடியாது. இருபதில் மூன்று பங்கு நிலத்தில் அவுரியே பயிரிடவேண்டும் என்று சம்பாரண் குடியானவர்களை வெள்ளைத் தோட்டக்காரர் கட்டாயப்படுத்தியதும், 1917-ல் காந்தியடிகள் அங்கே சென்று அக்கொடுமைக்கு முடிவு கட்டியதும் வாசகர்கள் அறிந்தவை. போதிசத்துவருடைய உத்தரீயத்திற்கு நிறம் கொடுத்த அதே இலை! இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல இங்கு இடமில்லை.

செம்பு நீலத்தின் ஆட்சி திபேத்திலும் ஜப்பானிலும் ஓங்கியது. திபேத்தியர் துணியில் எழுதித் தொங்கவிடும் தங்கா என்னும் படங்களில் வானமும் தேவதைகளின் மேனியும் பெரும்பாலும் அதுவே. அந்நீலத்திற்கு ஒரு விசித்திர குணம் உண்டு: பருமனாக இடித்தால் ஆழ்ந்த நீலம், நைய அரைத்தால் வெளிறிய நீலம். ஆகையால் சித்திரக்காரன் பொடியை நீரில் கலக்கி வைப்பான். கனத்த மணிகள் முதலில் அடியில் தங்கும், மெல்லியவை பின்னர் தங்கும். ஒரே கல்லிலிருந்து நாலைந்து நீலங்களைப் படிப்படியாக வடித்துக்கொள்வான். வெள்ளை கலக்க வேண்டுவதில்லை. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பு நீலம் காலப்போக்கில் பச்சையாகிவிடும். நெருப்புச் சூடு பட்டால் கறுத்துவிடும். நாரா மாகாணத்து ஹோரியூஜி ஆலயத்தில் அஜந்தாவின் சாயல் வீசும் பழஞ்சித்திரங்கள் இருந்தன. 1949 ஜனவரி 26-ல், சித்திரக்காரர்கள் அவற்றைப் பிரதி செய்துவந்த காலத்திலேயே, தீப்பற்றி நிறமிழந்தன. ஜப்பானியர் மறு ஆண்டே கலைச்செல்வங்களைக் காக்கச் சட்டம் செய்தனர்.

கடலின் நீலமும் சுவரின் நீலமும்

சரி, கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இந்த நீலங்களை எப்படிப் பிரித்தறிவது? பழைய முறை எளிது, ஆனால் கொடிது. சுவரிலிருந்து ஒரு துகளைச் சுரண்டி அதன்மேல் அமிலம் ஒரு சொட்டு விடவேண்டும். கந்தக நாற்றத்தோடு வெளுத்தால் ராஜாவர்த்தம். நுரைத்துக் கரைந்தால் செம்பு நீலம். அசையாமல் இருந்து, சூடேற்றினால் ஊதாப் புகையாக எழுந்தால் அவுரி. விடை கிடைக்கும், துகள் போய்விடும். நூறு இடத்தில் சந்தேகம் வந்தால் நூறு இடத்தில் சுரண்டவேண்டும்.

சுவரைத் தீண்டாமலே அறியும் வழியை உலகிற்குத் தந்தவர் திருச்சிராப்பள்ளியில் 1888-ல் பிறந்த ஒரு தமிழர். 1921-ல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகையில் ஸர் சி. வி. ராமன் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதே கடலின் நீலம் என்று பெரிய விஞ்ஞானியான ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் கையிலிருந்த சிறு படிகக் கருவியால் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் செழித்தது. நீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறடித்து நிறங்காட்டுகின்றன என்று எழுதினார். அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்ததன் பயனே, வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவில் உழைத்து 1928 பிப்ரவரி 28-ல் கண்ட ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு அதற்கே கிடைத்தது.

ஒரு பொருளின்மேல் ஒரே நிறமுள்ள ஒளியைப் பாய்ச்சினால் சிதறும் ஒளியில் மிகப் பெரும்பகுதி நிறம் மாறாமல் திரும்பும். ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கு மட்டும் நிறம் சற்று மாறித் திரும்பும். எவ்வளவு மாறுகிறது என்பது அப்பொருளின் அணுக்கள் எப்படித் துடிக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிக் கையெழுத்து. ராஜாவர்த்தத்தின் கூண்டிலுள்ள கந்தக மும்மை 548 என்ற அளவில் ஓங்கிய கோடொன்றைக் காட்டும். செம்பு நீலத்தின் முக்கியக் கோடு 400-ஐ ஒட்டியும், அவுரியினுடையது 1570-ஐ ஒட்டியும் அமையும். குழப்பத்திற்கு இடமில்லை. ராமன் காலத்தில் இவ்வளவு மங்கிய ஒளியைப் படம் பிடிக்கப் பல மணி நேரம் வேண்டியிருந்தது. 1960-ல் லேஸர் தோன்றியபின் நிலைமை மாறியது. 1980-களிலிருந்து பழஞ்சித்திரங்களின் வர்ணங்களைச் சோதிக்க இம்முறை வழக்கத்திற்கு வந்தது. இன்று கருவியைக் குகைக்கே தூக்கிச் செல்லலாம். கடலின் நீலத்தைப் பற்றி எழுந்த வினா, சுவரின் நீலத்திற்கு விடை சொல்கிறது.

எல்லாவற்றையும் இக்கருவி ஒன்றே செய்துவிடும் என்று சொல்வது மிகை. அரக்கு, வார்னிஷ் போன்றவை மேலே படிந்திருந்தால் லேஸர் பட்டதும் அவை தாமே ஒளிவிட்டு அந்த மெல்லிய கையெழுத்தை மூழ்கடித்துவிடும். அதனால் முதலில் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில் சுவர் முழுவதையும் படம் எடுக்கவேண்டும். அதில் செம்பு நீலம் இருண்டும், ராஜாவர்த்தமும் அவுரியும் வெளுத்தும் தோன்றும். பின்னர் எக்ஸ்-கதிரால் செம்பு உண்டா என்று பார்க்கலாம். அதன்பின் ஐயமுள்ள இடங்களில் ராமன் கருவியை வைக்கலாம்.

தொழிற்சாலை நீலம்

ராமன் விளைவுக்குச் சரியாக நூறாண்டு முன்பு நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். ராஜாவர்த்த நீலம் ஐரோப்பாவில் பொன்விலை விற்றதால், அதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு தருவதாகப் பிரான்ஸில் ஒரு தொழில் சங்கம் 1824-ல் அறிவித்தது. 1828-ல் பரிசைப் பெற்றவர் கிமே என்னும் ரசாயனக்காரர். களிமண், சோடா, கந்தகம், கரி இவற்றைச் சூளையிலிட்டால் அதே கூண்டும் அதே கந்தகமும் உண்டாகிவிடுகின்றன. ஒருகாலத்தில் நம் சலவைக்காரர் வெள்ளை வேட்டிக்குப் போட்ட கட்டி நீலம் இதுவே. போதிசத்துவனுக்கு எட்டிய நீலம் வண்ணான் துறைக்கு வந்த கதை இது. கிமேயின் புதல்வர் எமில் கிமே அந்த நீலத்தில் சேர்ந்த செல்வத்தைக் கொண்டு கீழ்நாட்டு மதங்களுக்கென ஒரு மியூஸியம் அமைத்தார். 1889-ல் அது பாரிஸுக்கு வந்தது. துன்ஹுவாங்கிலிருந்து பெல்லியோ கொண்டுபோன பௌத்தச் சித்திரங்கள் இன்று தொங்குவது அங்கேதான். அசல் நீலத்தால் தீட்டிய படங்களுக்குச் செயற்கை நீலம் கட்டிய மாளிகை!

இதனால் ஆராய்ச்சிக்கு ஒரு பெரும் உதவி கிடைத்தது. செயற்கை நீலத்தின் மணிகள் மிக நுண்ணியவை, உருண்டவை. இயற்கைக் கல்லின் துகள்களோ ஒழுங்கற்றவை, கூட்டாளிக் கனிகளையும் உடன் கொண்டவை. 1706-ஐ ஒட்டிப் பெர்லினில் தோன்றிய பிரஷ்ய நீலமும், 1935-ல் கடைக்கு வந்த தாலோசயனின் நீலமும் தத்தம் கோடுகளால் உடனே பிடிபடும். 15-ஆம் நூற்றாண்டுத் தங்கா என்று ஒருவன் விற்க வந்த படத்தில் பிரஷ்ய நீலம் காணப்பட்டால், படம் பிற்காலத்தது, அல்லது பிற்காலத்தார் கைவைத்தது. மூன்றாவது விளக்கம் கிடையாது. கோயில்களிலும் மடங்களிலும் திருடிய பொருள்கள் கடல்கடந்து விற்பனையாகும் இக்காலத்தில் இது வெறும் புலமை விளையாட்டன்று.

கைவைப்பதற்கு முன்

இனி நம்மை உறுத்தும் விஷயத்திற்கு வருவோம். 1819 ஏப்ரலில் புலிவேட்டைக்கு வந்த சென்னைப் பட்டாள அதிகாரி ஜான் ஸ்மித் 10-ஆம் குகைக்குள் புகுந்து, தூணிலிருந்த சித்திரத்தின்மேல் தன் பெயரைக் கீறிவைத்தான். அது அறியாமையின் காயம். அன்பினால் நேர்ந்த காயங்களும் உள. 1920-ஐ ஒட்டி நிஜாம் சர்க்கார் இத்தாலியிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்தது. உதிரவிருந்த பூச்சுகளை அவர்கள் நிலைநிறுத்தியது பெரும் நன்மை. அதை மறுப்பவர் நன்றியற்றவர். ஆனால் வர்ணம் உதிராதிருக்க அரக்கு வார்னிஷும் பூசினார்கள். அரக்கு நம் நாட்டுச் சரக்கே, மரச்சாமான்களுக்கு ஏற்றது. குகைச் சுவரில் அது நாளடைவில் பழுத்து மஞ்சளித்து, புகையையும் தூசியையும் வாங்கிக்கொண்டு கருகிற்று. மஞ்சள் படலத்தின் கீழே மற்ற நிறங்களைவிட அதிகம் கெடுவது நீலம். பச்சைபோலவும் கறுப்புபோலவும் மயக்கும். ஆயிரம் மைல் கடந்து வந்த நிறத்தை ஒரு பூச்சு மறைத்துவிட்டது. பழைய அரக்கு எளிதில் கரைவதுமில்லை. அதை நீக்கும் வேலையில் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் ரசாயன நிபுணர்கள் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வந்திருக்கின்றனர். மேலே உள்ள அரக்கைக் கரைக்கவேண்டும். கீழே உள்ள பசையைக் கரைக்கலாகாது. ராஜாவர்த்தத்திற்கு ஆகாத அமிலம் அருகே வரலாகாது. கத்திமுனையில் நடப்பது போன்ற வேலை.

பிரதிகள் இருக்கின்றனவே என்று சொல்வார் உண்டு. ராபர்ட் கில் பல ஆண்டுகள் குகைகளில் கிடந்து எழுதிய பிரதிகளில் பெரும்பகுதி 1866-ல் லண்டன் ஸ்படிக மாளிகைத் தீயில் வெந்தது. கிரிஃபித்ஸ் சித்திரக்காரர்களைக் கொண்டு எழுதுவித்தவற்றில் பல 1885-ல் தென் கென்ஸிங்டனில் எரிந்தன. எரியாமலிருந்தாலும் என்ன? பிரதியிலுள்ள நீலம் பிரதி செய்தவனுடைய பெட்டியிலிருந்த நீலம். அதைச் சோதித்தால் விக்டோரியா காலத்து வர்ணக் கடையின் சரித்திரம் தெரியுமேயன்றி வாகாடகர் சரித்திரம் தெரியாது. புகைப்படத்துக்கும் இதே குறை.

ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றுமன்று. அஜந்தாவாயினும், பாக் குகைகளாயினும், லடாக்கில் ஆல்ச்சி விஹாரமாயினும், பழுதுபார்க்கத் தூரிகையோ துணியோ எடுப்பதற்கு முன் சுவரின் ஒவ்வொரு நீலமும் இன்னதென்று ஒளிமுறையில் பதிவு செய்யப்படவேண்டும். அப்பதிவு இலாகாவின் அலமாரியில் உறங்கலாகாது. ராமன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நம் கல்லூரிகளின் பௌதிக, ரசாயனப் பகுதிகள் இதில் கைகொடுக்கலாம். லேஸர் கருவி வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அக்கருவி ஒரு சித்திரச் சுவரைப் பார்த்திராத கல்லூரிகளே அதிகம். துன்ஹுவாங் பட்டுச் சித்திரங்களில் ஆரல் ஸ்டைன் கொணர்ந்தவற்றின் ஒரு பெரும்பகுதி, இந்திய சர்க்காரின் பணம் செலவானதற்காக இந்தியாவின் பங்காக வந்து, புது டெல்லி தேசிய மியூஸியத்தில் இருக்கிறது. மாணவன் ஒருவன் ஆராய்ச்சிக்குச் சீனம் வரை போக வேண்டுவதில்லை. டெல்லிக்கு ரயில் ஏறினால் போதும்.

இம்முடிவுகள் தமிழிலும் மராத்தியிலும் மற்றத் தாய்மொழிகளிலும் வெளிவரவேண்டும். அஜந்தாவுக்குச் செல்லும் நம் ஊர்ப் பிள்ளையின் கையில், இன்ன குகையில், இன்ன சுவரில், இன்ன உருவத்தின்மேல் உள்ளது இன்ன நீலம், அது இன்ன ஆண்டில் இன்ன முறையில் சோதிக்கப்பட்டது என்று சொல்லும் சிறு புத்தகம் ஒன்று இருக்கவேண்டும். 1-ஆம் குகையின் விதானத்தில் அந்நிய உடையும் குல்லாயும் தரித்து மதுக்கிண்ணம் ஏந்தி அமர்ந்திருக்கும் மனிதர்களை அவன் அப்போது நின்று பார்ப்பான். பாரசீக மன்னன் குஸ்ரு தன் பரிவாரத்துடன் இருக்கும் காட்சி அது என்று பெர்கூசன் 1879-ல் எழுதினார்; காலம் பொருந்தாததால் அக்கருத்து இப்போது கைவிடப்பட்டது. அவர்கள் வடமேற்குத் திக்கிலிருந்து வந்த வணிகராகவும் இருக்கலாம் அல்லவா?